இடப்பக்கக் கோடு

கம்பளி வட்டை மாற்றும்போதெல்லாம்
பிளக்கைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொள்கிறேன்.
ஒயர் பின்னால் தொங்குகிறது.
வால் முளைச்சிருக்கு என்கிறான் டெல்வின்.
இருக்கட்டும்.
பிளக் என் இடுப்பில் இருக்கும்வரை
எந்தக் கரண்டும் என்னைக் கேட்காமல் வராது.

தங்கச்சிமடம், தென்கரை, ஆண் கடல்.
கச்சான் எழுந்துவிட்டால்
பிளக்கின் மூன்று பல்லிலும் பச்சை பூக்கும்.
தினமும் காலையில் தேய்த்தெடுக்கிறேன்.
உப்பை எடுக்க உப்புத்தாள்.
மூன்றாவது பல்லை உடைத்துவிட்டு
இரண்டு ஓட்டைப் பெட்டியில் சொருகப் பார்க்காதே, டெல்வின்.
அது கரண்டு மண்ணுக்குப் போகிற வழி.
அதை அடைத்தால்
நாம்தான் மண்ணுக்குப் போகணும்.

இது ஃபைபர் வள்ளத்தின் அச்சு.
இருபத்தெட்டு அடிப் பள்ளம்,
இன்னும் பிறக்காத படகின் வெளித்தோல்
உள்பக்கமாய்த் திரும்பிக் கிடக்கிறது.
முகம் தெரியும்வரை மினுக்கணும்,
இல்லையென்றால் வார்த்த படகு அச்சை விடாது,
பிரசவத்தில் அடம்பிடிக்கிற பிள்ளை மாதிரி.

இறங்குகிறேன்.
ரப்பர் செருப்புக்குப் பழைய சாக்ஸ்.
கொண்டை தொப்பிக்குள், உத்தரியம் சட்டைக்குள்,
துப்பட்டா வேலிக் கம்பியில்.
ஒயர் வலது தோளேறி முதுகில் இறங்குகிறது.
அசிட்டோன் டப்பா
காற்று போகிற பக்கம், இருபது அடிக்கு அப்பால்.
மிஷினின் வயிற்றில் கரித்துண்டு பொறி விடும்,
பொறிக்கு நாள் நேரம் கிடையாது.

வட்டு தரையைத் தொட்ட பிறகுதான் விசை.
ஒன்றில் தொடங்கி மூன்றுக்கு.
நாலுக்கு மேல் போனால்
வாசனை வந்துவிடும், தோல் கருகுகிற வாசனை.
விளிம்பில் மட்டும் பயப்படணும்.
சக்கரம் வெளியே ஓடுகிற பக்கமாய்ச் சாய்த்தால் சரி.
உள்ளே வருகிற பக்கமாய்ச் சாய்த்தால்
விளிம்பைக் கவ்வி மணிக்கட்டை முறுக்கும்.

இதெல்லாம் தெரிந்துதான் இருந்தது
அன்றைக்கும்.

பதினொன்றே கால். கரண்டு போனது.
விரல் வலிக்கிறதென்று
விசையைப் பூட்டி வைத்திருந்தேன்.
சக்கரம் தானாகத் தளர்ந்தது, நின்றது.
நின்றது அணைந்தது என்று எடுத்துக்கொண்டேன்.
அச்சின் இடது மடியில் கிடத்திவிட்டு
எல்லோரும் டீக்குப் போனோம்.

கிளாஸ் பாதி.
கடையின் மேலே தூசி படிந்த ஃபேன்
ஒரு இறக்கையை அசைத்தது.
இரண்டாவது இறக்கை.
கிளாசைப் போட்டுவிட்டு ஓடினேன்.

ஆளில்லாத அச்சுக்குள்
குழியில் விழுந்த நண்டாய்
பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தது மிஷின்,
தன் ஒயரைத் தானே சுற்றி,
தானே கடித்து.
டப்.
மூன்று மாதம் முதலாளியோடு மல்லுக்கட்டி
தூணில் வைக்கவைத்த பிரேக்கர் விழுந்தது.

பத்து நிமிடம் முன்புவரை எமரென்சியா
அங்கேதான் முழங்காலிட்டு
மெழுகு துடைத்துக்கொண்டிருந்தாள்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
நான் போட்டு உடைத்த கிளாசுக்குக்
காசு கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

வட்டின் இரும்பு விளிம்பு கீறிய ஒரு சாண் கோடு.
அடைத்தோம், தேய்த்தோம், மறுபடி அடைத்தோம்.
மயிரிழை மிச்சம்.
அச்சில் பள்ளம் என்றால் படகில் மேடு.
அதற்குப் பிறகு பிறந்த ஒன்பது வள்ளத்துக்கும்
இடது கன்னத்தில் அந்தத் தழும்பு.

மோர்ப்பண்ணையிலிருந்து வாங்க வந்தவர்
பெருவிரலால் தடவி, இது என்ன என்றார்.
எங்க கம்பெனி முத்திரை என்றார் சந்தியாகு முதலாளி,
என்னைப் பார்க்காமல்.
நானும் கம்பளி வட்டில்
ஒட்டாத தூசியைத் தட்டினேன்.

விடியலில் படகுகள் கரையேறும்போது
பெயரைப் படிப்பதில்லை நான்,
கன்னத்தைப் பார்க்கிறேன்.
ஒன்பதில் எட்டு வந்துவிட்டால்
ஒன்பதாவது வரும்வரை
பல் தேய்த்துக்கொண்டே நிற்கிறேன்.

இப்போதும் கரண்டு இல்லை.
டீக்கடை.
ஃபேன் ஒரு இறக்கையை அசைக்கிறது.
எமரென்சியா என் இடுப்பைப் பார்க்கிறாள்.
மூன்று பல்லும் அங்கே இருக்கிறது.
வடையைப் பிய்த்து
பாதியை என் பக்கம் தள்ளுகிறாள்.